வேகமான படகில் என்ன நடக்கிறது? உலகத்தரப் படகோட்டக் குழுக்களின் நுட்பத்தைப் பார்க்கப் பழகுதல்

இலங்கைத் தமிழில் துடுப்பு என்றால் கிரிக்கெட்தான். துடுப்பாட்டம், துடுப்பாட்ட வீரர், துடுப்பெடுத்தாடிய அணி என்று பத்திரிகையின் கடைசிப் பக்கம் முழுவதும் அந்தச் சொல்லைக் கிரிக்கெட் எடுத்துக்கொண்டுவிட்டது. படகில் இருந்த துடுப்பு கரையோர ஊர்களில் ‘தண்டு வலித்தல்’ என்ற பழைய சொல்லோடு ஒதுங்கிவிட்டது. இதனாலோ என்னவோ, கொழும்பின் நடுவில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் ஒரு விளையாட்டைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு.

கொழும்பு படகோட்டக் கழகம் 1864 இல் தொடங்கப்பட்டது. அதன் படகுகள் இறங்குவது பேர வாவியில். கழகம் இருக்கும் வீதி, இலங்கைத் திரையரங்குத் தொழிலின் முன்னோடியான சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினரின் பெயரைத் தாங்கியது. சென்னையின் அடையாற்றில் மெட்ராஸ் போட் கிளப் 1867 இல் உருவானது. இரண்டு கழகங்களுக்கும் இடையிலான போட்டி 1898 இல் ஆரம்பித்தது. றோயல் கல்லூரிக்கும் பரி. தோமா கல்லூரிக்கும் இடையிலான படகோட்டப் போட்டி 1962 இல் தொடங்கியது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் போகிறவர்கள் கொம்பனித்தெருவைத் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே இந்த வாவியைத்தான் பார்க்கிறார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்தாலும் அதிக நேரம் எடுக்காது. பார்வைக்கு இவ்வளவு அருகில் இருந்தும், கரையிலிருந்து பார்க்கும்போது என்ன நடக்கிறது என்று புரியாத ஒரு விளையாட்டாகவே அது நம்மில் பலருக்கு இருக்கிறது.

கடந்த சில மாதங்களாக ஒலிம்பிக், உலகச் சம்பியன்ஷிப் இறுதிப் போட்டிகளின் காணொளிகளைக் காட்சிச் சட்டம் சட்டமாக நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊடகக் கற்கையில் பட்டம் பெற்ற எனக்கு ஒரு காட்சியை நிறுத்தி நிறுத்தி வாசிப்பது பழகிய வேலை. ஆனால் படகோட்டத்தில் கண் முதலில் போகும் இடம் தவறான இடம் என்பது மெல்ல மெல்லத்தான் விளங்கியது. கண் ஆட்களைப் பார்க்கிறது. அகன்ற தோள்களையும் ஒரே மாதிரி வளையும் முதுகுகளையும் பார்க்கிறது. பரிசு கொடுக்கப்படுவதோ படகின் முன்முனை கோட்டைக் கடக்கும் நேரத்துக்கு. இந்தக் கட்டுரை ஆட்களிலிருந்து படகுக்குப் பார்வையை நகர்த்துவதற்கான ஒரு வழிகாட்டி.

முதலில் அடிப்படை

கேரளத்துச் சுண்டன் வள்ளத்தில் ஓட்டுபவர்கள் முன்னோக்கி அமர்ந்து, கையில் பிடித்த துடுப்பால் தண்ணீரைத் தள்ளுகிறார்கள். தியவன்னாவிலும் பேர வாவியிலும் நடக்கும் டிராகன் படகுப் போட்டியிலும் அப்படித்தான். இங்கே நாம் பேசும் படகோட்டத்தில் ஓட்டுபவர் பின்னோக்கி அமர்ந்திருப்பார். துடுப்பு படகின் பக்கவாட்டில் நீளும் ‘ரிகர்’ என்ற உலோகக் கையில் பொருத்தப்பட்டிருக்கும். இருக்கை சில்லுகளில் முன்னும் பின்னும் நகரும். பாதங்கள் ஒரு பலகையில் கட்டப்பட்டிருக்கும். ஆகவே இது கைகளால் ஆடும் விளையாட்டுப் போலத் தெரிந்தாலும் உண்மையில் கால்களால் ஆடப்படுவது. பாதப் பலகையை உதைத்து, அந்த உதையை முதுகின் வழியாகத் துடுப்புக்குக் கொண்டுபோவதுதான் வேலை.

ஒருவர் ஒரு துடுப்பு பிடித்தால் அது ‘ஸ்வீப்’; இரண்டு கையிலும் ஒவ்வொரு துடுப்பு என்றால் ‘ஸ்கல்’. தனியாள், இருவர், நால்வர், எண்மர் எனப் படகுகள் உண்டு. எண்மர் படகில் ஒன்பதாவது ஆளாக ‘கொக்ஸ்’ இருப்பார். சுக்கானும் கட்டளையும் அவருடையவை. இதுவரை ஒலிம்பிக் தூரம் 2000 மீற்றர்.

ஒரு வீச்சுக்கு நான்கு கட்டங்கள். துடுப்பலகை தண்ணீருக்குள் இறங்கும் கணம் பிடிப்பு. பயிற்றுநர்கள் இதைக் ‘கெட்ச்’ என்பார்கள். கால், பிறகு உடல், பிறகு கை என்ற வரிசையில் துடுப்பு இழுக்கப்படுவது இழுப்பு. பலகை தண்ணீரிலிருந்து வெளியே வருவது எடுப்பு. பின்னர் கை, உடல், கால் என்று அதே வரிசை தலைகீழாகி, இருக்கை மீண்டும் பின்முனை நோக்கி நகர்ந்து அடுத்த பிடிப்புக்குத் தயாராவது மீள்வு. உலகத்தரக் குழுக்கள் போட்டியின் நடுப்பகுதியில் நிமிடத்துக்கு 36 முதல் 40 வீச்சுகள் வரை ஓட்டும். தொடக்கத்தில் அது 45 ஐயும் தாண்டும்.

படகு எப்போது மிக வேகமாக ஓடுகிறது?

இந்தக் கேள்வியை நண்பர்கள் பலரிடம் கேட்டேன். அனைவரும் சொன்ன பதில் ஒன்றே: பலமாக இழுக்கும்போது. கேட்க நியாயமாக இருந்தாலும் விடை அதுவல்ல. துடுப்புகள் எல்லாம் தண்ணீருக்கு வெளியே இருக்கும் மீள்வின்போதுதான் படகின் உடல் மிக வேகமாக ஓடுகிறது. மிக மெதுவாக ஓடுவது பிடிப்புக்கு அடுத்த கணத்தில்.

காரணம் எடை. ஒரு எண்மர் படகு குறைந்தது 96 கிலோகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்குள் தலா 90 கிலோகிராம் எடையுள்ள எட்டுப் பேரும் 55 கிலோகிராம் எடையுள்ள கொக்ஸும் இருந்தால் மொத்தம் 775 கிலோகிராம். அதாவது ஏறிய சுமை படகைப்போல எட்டு மடங்கு. அந்தச் சுமையின் பெரும்பகுதி சில்லு வைத்த இருக்கையில் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டுப் பேரும் பின்முனை நோக்கி நகரும்போது இலேசான படகு அவர்களுக்குக் கீழே முன்னோக்கி வழுக்கிப் பாய்கிறது. பிடிப்பு வரும்போது அவர்கள் திசை மாற வேண்டும். அதற்குப் பாதப் பலகையை உதைக்க வேண்டும். அந்த உதை, துடுப்பு தண்ணீரில் பற்றிக்கொள்ளும்வரை, படகைப் பின்னுக்குத்தான் தள்ளுகிறது.

கரையோரத்தவர்கள் அணியம் என்று சொல்லும் முன்முனையைப் பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும். புதிய குழுவின் படகில் அணியம் ஒவ்வொரு வீச்சிலும் தயங்கி, நின்று, பிறகு எகிறும். நெரிசலில் நிறுத்தி நிறுத்தி ஓடும் காலி வீதி பஸ் போல. இந்தத் தயக்கத்தை யாராலும் முழுதாக அகற்ற முடியாது; அது இயற்பியல். சிறந்த குழுக்கள் செய்வது அந்தத் தயக்கத்தின் நேரத்தைச் சுருக்குவது. பலகை தண்ணீரைப் பற்றுவதும் கால் உதைப்பதும் ஒரே கணத்தில் நிகழும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

இது ஏன் முக்கியம்? தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அதை வெல்லத் தேவையான வலு வேகத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடுகிறது. பத்து சதவீதம் கூடுதலாக ஓட ஏறக்குறைய 33 சதவீதம் கூடுதல் வலு வேண்டும். ஆகவே ஒரே சீராக ஓடும் படகைவிட, வேகம் ஏறி இறங்கி ஓடும் படகு அதே சராசரிக்கு அதிக வலுவைத் தின்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் குழு, பலத்தைக் கூட்டாமலே வேகம் பெறுகிறது.

இதற்கு வரலாற்றில் ஒரு சோதனை நடந்தது. மேற்கு ஜேர்மனியின் பீட்டர் மைக்கேல் கோல்பே 1981 இல் உலகச் சம்பியன்ஷிப் தனியாள் போட்டியை வென்ற படகில் இருக்கை நகரவில்லை. ரிகரும் பாதப் பலகையும் நகர்ந்தன. உடலின் பெரிய எடை ஏறக்குறைய அசையாமல் இருந்ததால் படகின் தயக்கம் பெருமளவு குறைந்தது. ஓரிரு ஆண்டுகளில் முன்னணித் தனியாள் வீரர்கள் எல்லாரும் அதற்கு மாறினார்கள். 1983 இல் சர்வதேசச் சம்மேளனம் அதைத் தடை செய்தது. அந்தப் படகில் யாருடைய தசையும் கூடவில்லை. எடை ஓடும் விதம் மட்டுமே மாறியது.

அழகா, வேகமா? நூறாண்டுச் சண்டை

படகோட்டத்தில் ‘நல்ல நுட்பம்’ எது என்ற விவாதம் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஆட்சி செய்த மரபுப் பாணி உடல் நிலையை முன்வைத்தது. முதுகு நேராக இருக்க வேண்டும், உடல் இன்ன கோணத்தில் சாய வேண்டும் என்றெல்லாம் விதிகள். கேம்பிரிட்ஜ் ஜீசஸ் கல்லூரியில் பயிற்றுவித்த அவுஸ்திரேலியரான ஸ்டீவ் ஃபேர்பெயர்ன் அதை எதிர்த்தார். உடலின் தோற்றத்தை விட்டுவிட்டுத் துடுப்பலகை தண்ணீரில் என்ன செய்கிறது என்பதைக் கவனிக்கச் சொன்னார். கால் உதையை முதன்மைப்படுத்தினார். அவருடைய மாணவர்களின் ஓட்டம் அழகற்றது என்று கேலி செய்யப்பட்டது. லண்டன் தேம்ஸ் நதியில் இன்றும் நடக்கும் ‘ஹெட் ஒஃப் த ரிவர்’ நெடுந்தூரப் போட்டியை 1926 இல் தொடக்கி வைத்தவர் அவர்தான்.

அடுத்த பெரிய அதிர்வு ஜேர்மனியின் ராட்ஸ்பூர்க் நகரிலிருந்து வந்தது. கார்ல் அடம் ஒரு பாடசாலை ஆசிரியர். அவர் போட்டிப் படகோட்ட வீரராக இருந்தவர் அல்லர். ஓட்டப் பந்தயங்களில் இருந்த இடைவெளிப் பயிற்சி முறையைப் படகுக்குக் கொண்டுவந்தார். துடுப்பலகையின் வடிவத்தையும் ரிகர் பொருத்தும் முறையையும் மாற்றிப் பார்த்தார். வீச்சு எண்ணிக்கையை உயர்த்தினார். 1920 முதல் 1956 வரை எல்லா ஒலிம்பிக் போட்டிகளிலும் எண்மர் தங்கத்தை வென்றிருந்த அமெரிக்கா, 1960 இல் ரோம் நகரில் அவருடைய ஜேர்மன் குழுவிடம் அந்தத் தங்கத்தை இழந்தது.

பிறகு உலகம் முழுவதும் ராட்ஸ்பூர்க் பாணியைப் பிரதி செய்தது. அதன்பின் கிழக்கு ஜேர்மனியின் பாணி, அதன்பின் வேறொன்று. ஒவ்வொரு தடவையும் வென்றவர் எப்படி அசைகிறார் என்று பார்த்து அப்படியே அசைய முயல்வது. இதில்தான் பகுப்பாய்வின் மிகப்பெரிய பொறி இருக்கிறது. வென்றவரின் அசைவுகளில் எது வெற்றிக்குக் காரணம், எது அவருடைய உடல் அமைப்பின் பழக்கம் என்பதை வென்றவரை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது.

நான் பின்பற்றத் தொடங்கிய முறை எளிமையானது. ஒரே இறுதிப் போட்டியில் முதலாவதாக வந்த குழுவையும் ஆறாவதாக வந்த குழுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இருவருக்கும் பொதுவான அம்சம் எதுவானாலும் அது வெற்றிக்குக் காரணம் அல்ல. இறுதிப் போட்டிக்கு வருவதற்கான தகுதி மட்டுமே. முதுகின் கோணம், தலையின் நிலை, கை முடியும் உயரம் ஆகியவற்றில் பெரும்பாலும் இருவரும் ஒன்றுபோல இருக்கிறார்கள், அல்லது வித்தியாசத்துக்கும் இடத்துக்கும் தொடர்பு இல்லை. மீதமாகும் வித்தியாசங்கள் கொஞ்சம். அவை அணியத்திலும் பலகைகளிலும் தண்ணீரிலும் இருக்கின்றன.

ஒரே மாதிரி வேறு, ஒரே நேரத்தில் வேறு

நியூசிலாந்தின் ஹமிஷ் பொண்டும் எரிக் முரேயும் 2009 முதல் 2016 வரை இருவர் படகில் தொடர்ந்து 69 பந்தயங்களில் தோற்கவில்லை. லண்டன் 2012 இலும் ரியோ 2016 இலும் ஒலிம்பிக் தங்கம். லண்டனில் அவர்கள் வைத்த 6 நிமிடம் 8.50 செக்கன் என்ற நேரம் அந்தப் படகுக்கான உலகின் மிகச் சிறந்த நேரமானது. அவர்களுடைய காணொளியை முதன்முறை பார்க்கும்போது ஏமாற்றமாக இருக்கும். இரட்டையர்போல அசைவார்கள் என்று எதிர்பார்ப்போம். முரே உயரமும் எடையும் கூடியவர். பொண்ட் அவரைவிடச் சிறியவர். உடல்கள் அசையும் விதமும் அச்செடுத்ததுபோல ஒன்றாக இல்லை. ஆனால் இரு பலகைகளும் தண்ணீருக்குள் போகும் கணமும் வெளியே வரும் கணமும் பிசகுவதில்லை. இருவர் படகில் ஒருவர் இடப்புறமும் மற்றவர் வலப்புறமும் இழுப்பதால், பலமும் நேரமும் சிறிது பிசகினாலும் படகு பாம்புபோல் வளையும். சுக்கானைத் திருத்தும் ஒவ்வொரு தடவையும் வேகம் போகும்.

உடல்கள் ஒரே மாதிரி தெரிவதற்கும் விசை ஒரே நேரத்தில் விழுவதற்கும் வேறுபாடு உண்டு. பாடசாலைக் குழுக்களைப் பார்க்கும் பெற்றோரும் பழைய மாணவர்களும் பெரும்பாலும் முதலாவதைப் பாராட்டுகிறார்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டாவதைப் பார்க்கப் பழக்கம் வேண்டும்.

குரோஷியாவின் வாலன்ட், மார்ட்டின் சின்கோவிச் சகோதரர்கள் இன்னொரு பாடம். ஸ்கல்லில் லண்டன் 2012 இல் நால்வர் படகில் வெள்ளி, ரியோவில் இருவர் படகில் தங்கம். பிறகு ஆளுக்கு ஒரு துடுப்பு என்ற ஸ்வீப்புக்கு மாறினார்கள். கிரிக்கெட்டில் வலக்கை ஆட்டக்காரர் இடக்கைக்கு மாறுவது போன்ற துணிச்சல் அது. டோக்கியோவில் தங்கம், பாரிஸ் 2024 இலும் தங்கம். பாரிஸ் இறுதிப் போட்டியில் கடைசி சில வீச்சுகள்வரை பிரித்தானியா முன்னால் இருந்தது. முடிவில் வித்தியாசம் அரைச் செக்கனுக்கும் குறைவு. துடுப்பும் பக்கமும் மாறியும் அவர்களோடு கூடவே போன திறமை எது? படகின் ஓட்டத்தைக் கெடுக்காமல் அதன்மேல் நகரும் கலை என்பதே என் வாசிப்பு.

பத்து சென்ரிமீற்றர் கணக்கு

எண்மர் படகுக்கான உலகின் மிகச் சிறந்த நேரத்தை ஜேர்மனி 2017 இல் போலந்தின் பொஸ்னான் நகரில் வைத்தது: 5 நிமிடம் 18.68 செக்கன். மணிக்கு சுமார் 22.6 கிலோமீற்றர். நிமிடத்துக்கு 38 வீச்சு என்று எடுத்துக்கொண்டால் 2000 மீற்றருக்கு ஏறக்குறைய 200 வீச்சுகள். ஒவ்வொரு வீச்சுக்கும் படகு பத்து மீற்றரளவு ஓடுகிறது.

அந்தப் பத்து மீற்றரில் ஒவ்வொரு வீச்சிலும் 10 சென்ரிமீற்றர் மட்டும் கூடினால் என்ன ஆகும்? 200 வீச்சுகளில் 20 மீற்றர். ஒரு எண்மர் படகின் முழு நீளத்தைவிடக் கூட. உலகத்தரப் போட்டியில் அது தங்கத்துக்கும் பதக்கமே இல்லாததற்கும் இடையிலுள்ள தூரம். பாரிஸ் எண்மர் இறுதிப் போட்டியில் பிரித்தானியாவுக்கும் இரண்டாவதாக வந்த நெதர்லாந்துக்கும் இடையில் இருந்தது ஒரு செக்கனளவே. அந்த வேகத்தில் ஆறு மீற்றர் சொச்சம். ஒரு வீச்சுக்கு மூன்று சென்ரிமீற்றர்.

மூன்று சென்ரிமீற்றர் எங்கே தொலைகிறது? பெரும்பாலும் பிடிப்பில். பலகை முழுதாக இறங்குவதற்கு முன்பே கால் உதைக்கத் தொடங்கினால், இழுப்பின் முதல் பகுதி காற்றில் போகிறது. அல்லது கால் உதைக்க, முதுகு தளர்ந்து, இருக்கை மட்டும் ஓடிக் கைப்பிடி அசையாமல் நிற்கிறது. உதை துடுப்புக்குப் போய்ச் சேரவில்லை. அல்லது மீள்வின் இறுதியில் இருக்கை அவசரமாக ஓடி வந்து முட்ட, படகு பின்னுக்கு உதைபடுகிறது. இந்த மூன்றும் ஒருவர் பலவீனமானவர் என்பதால் வருவன அல்ல. பலசாலிகளிடம் இவை இன்னும் பெரிதாகத் தெரியும்.

உடற்பயிற்சிக் கூடங்களில் உள்ள படகோட்ட இயந்திரம் இதை மறைத்துவிடுகிறது. உலகத்தர ஆண்கள் அதில் 2000 மீற்றரை ஆறு நிமிடத்துக்குள் முடிப்பார்கள். அது பலத்தையும் மூச்சையும் நேர்மையாக அளக்கும். ஆனால் இயந்திரம் தரையில் உறுதியாக நிற்கிறது. அதற்கு அணியம் இல்லை, தயக்கமும் இல்லை. இயந்திரத்தின் எண்ணை மட்டும் வைத்துப் பிள்ளைகளைத் தெரிவு செய்தால், படகை ஓடவிடத் தெரிந்த சிறிய பிள்ளை வெளியே நிற்கும்.

கரையிலிருந்து பார்ப்பதற்கு ஐந்து இடங்கள்

இனி நடைமுறை. ஒரு கைத்தொலைபேசி போதும்.

ஒன்று, அணியம். படகை நேர் பக்கவாட்டிலிருந்து பார்த்து, முன்முனையைக் கரையின் ஒரு மரத்தோடோ கம்பத்தோடோ ஒப்பிடுங்கள். ஒவ்வொரு பிடிப்பிலும் அது எவ்வளவு தயங்குகிறது, எவ்வளவு நேரம் தயங்குகிறது?

இரண்டு, தெறிப்பு. பலகை இறங்கும் இடத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் தெறிக்கிறது என்று பாருங்கள். இரு பக்கமும் சிறிதாகத் தெறித்தால் பலகையும் தண்ணீரும் ஒரே வேகத்தில் சந்திக்கின்றன. இழுக்கும் திசையில் மட்டும் பெரிதாகத் தெறித்தால் பலகை இறங்குமுன்பே இழுப்புத் தொடங்கிவிட்டது. அணியத்தின் பக்கம் மட்டும் சுவர்போல் எழுந்தால் பலகை படகுக்குத் தடை போடுகிறது.

மூன்று, சுழி. ஒவ்வொரு துடுப்பும் வெளியே வந்த இடத்தில் ஒரு நீர்ச்சுழி இருக்கும். எண்மர் படகில் அணியத்துக்கு அருகில் இருப்பவர் விட்ட சுழிக்கும், அடுத்த வீச்சில் பின்முனைக்கு அருகில் இருப்பவரின் பலகை இறங்கும் இடத்துக்கும் இடைவெளி எவ்வளவு? இடைவெளி கூடினால் படகு ஒரு வீச்சுக்கு அதிகம் ஓடுகிறது. போட்டி முற்ற முற்ற அந்த இடைவெளி சுருங்குகிறதா என்பது களைப்பின் நேர்மையான அளவுகோல்.

நான்கு, இருக்கையும் கைப்பிடியும். இழுப்பின் முதல் கணத்தில் இரண்டும் ஒன்றாக நகர வேண்டும்.

ஐந்து, மீள்வின் தாளம். நல்ல குழுவில் இழுப்பு விரைவாகவும் மீள்வு அவசரமின்றியும் இருக்கும். வீச்சு எண்ணிக்கை ஏறும்போதும் அந்த உணர்வு கெடாமல் இருப்பதுதான் கடினம்.

படம் பிடிப்பதில் ஓர் எச்சரிக்கை. சாதாரணக் காணொளியில் செக்கனுக்கு 30 சட்டங்கள். ஒரு சட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் 33 மில்லிசெக்கன். பிடிப்பின் பிசகு அதற்குள் ஒளிந்துவிடும். கைத்தொலைபேசியின் மெதுவியக்கப் பதிவு செக்கனுக்கு 240 சட்டங்கள் என்றால் இடைவெளி நான்கு மில்லிசெக்கனாகிறது. கமெராவைப் படகுக்குச் செங்கோணத்தில் வையுங்கள். சாய்வாக எடுத்தால் அருகிலிருப்பவருக்கும் தொலைவிலிருப்பவருக்கும் இடையிலுள்ள நேர வித்தியாசம் மிகையாகவோ குறைவாகவோ தெரியும். தொலைக்காட்சி ஒளிபரப்பில் முன்னாலிருந்து சூம் செய்து காட்டும் காட்சி அழகானது. எட்டு முதுகுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். ஆனால் அந்த லென்ஸ் ஆழத்தை நசுக்கிவிடுவதால் நுட்பத்தைப் பார்க்க அது உதவாது. பக்கவாட்டில் தண்டவாளத்திலோ படகிலோ கூடவே ஓடும் கமெராவின் காட்சியைத் தேடுங்கள்.

நமது தண்ணீர், நமது கேள்வி

பேர வாவி ஒரு காலத்தில் சுமார் 165 ஹெக்டேயர் பரப்பில் இருந்தது. நிரப்பி நிரப்பி இன்று எஞ்சியிருப்பது சுமார் 65. அதில் 2000 மீற்றர் நேர்கோடு கிடையாது. ஆகவே இங்கே போட்டிகள் குறுகிய தூரத்தில் நடக்கின்றன. குறுகிய போட்டியில் தொடக்கத்தின் பங்கு பெரிது. முதல் இருபது வீச்சில் முந்தியவர் பெரும்பாலும் முந்தியவராகவே முடிக்கிறார். வேகமாக அடித்து, பலத்தால் வெல்லும் பழக்கத்தை அது ஊக்குவிக்கிறது. நீண்ட தூரத்தில்தான் வீச்சொன்றுக்கு மூன்று சென்ரிமீற்றர் இழப்பு கணக்கில் வந்து நிற்கும். நமது குழுக்களைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டை மனதில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, யார் ஓட்டுகிறார்கள் என்பது. கொழும்பில் இந்த விளையாட்டு ஒரு சில பாடசாலைகளுக்குள் நிற்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள தமிழ்மொழிமூலப் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அந்தப் படகுகள் ரயில் ஜன்னல் காட்சி மட்டுமே. படகின் விலை ஒரு காரணம். இன்னொரு காரணமாக அடிக்கடி சொல்லப்படுவது உடல்: இது உயரமானவர்களின் விளையாட்டு, எங்கள் பிள்ளைகளுக்கு ஆகாது என்பது. நீண்ட கை கால்கள் நன்மைதான். அதை மறுக்க முடியாது. ஆனால் இந்தியாவைப் பாருங்கள். மகாராஷ்டிராவின் நாசிக் மாவட்டத்தில் வறட்சி மிகுந்த ஊரொன்றில், தந்தையோடு கிணறு வெட்டப் போன தத்து போகனல் இராணுவத்தில் சேர்ந்த பின்னரே படகோட்டம் பழகினார். ரியோ ஒலிம்பிக்கில் தனியாள் போட்டியில் 13 ஆவது இடம். 2018 ஆசிய விளையாட்டு விழாவில் நால்வர் ஸ்கல் தங்கம் வென்ற குழுவில் ஒருவர். ஹங்சோவில் 2023 இல் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியா படகோட்டத்தில் இரண்டு வெள்ளி, மூன்று வெண்கலம் என ஐந்து பதக்கங்கள் பெற்றது. எண்மர் வெள்ளியும் அதில் அடக்கம்.

இந்தக் கேள்வி இப்போது அவசரமானதும்கூட. சிறிய உடல் கொண்டவர்களுக்கு ஒலிம்பிக்கில் இருந்த வாசல் இலகு எடைப் பிரிவு. ஆண்கள் குழுவில் சராசரி 70 கிலோகிராம், பெண்கள் குழுவில் 57. ஆசிய நாடுகளுக்கு அது பெரிய வாய்ப்பாக இருந்தது. பாரிஸ் 2024 உடன் அந்தப் பிரிவு ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. 2028 லொஸ் ஏஞ்சல்ஸில் அந்த இடத்துக்கு வருவது கடற்கரைப் படகோட்டம்: மணலில் ஓடிப் படகில் ஏறி, அலையைத் தாண்டி மிதவைகளைச் சுற்றித் திரும்பி, மீண்டும் மணலில் ஓடி முடிப்பது. அங்கே வழமையான போட்டியின் தூரமும் 1500 மீற்றராகக் குறைகிறது. அலையில் படகின் ஓட்டத்தை உணர்ந்து அதோடு நகரத் தெரிந்தவருக்கு அங்கே இடமுண்டு. அந்த அறிவு நமது கரையோரக் குடும்பங்களில் தலைமுறைகளாக இருக்கிறது. முகத்துவாரத்திலிருந்து வல்வெட்டித்துறைவரை தண்டு வலித்தவர்களின் பிள்ளைகளுக்குப் படகு ஏன் தயங்குகிறது என்று விளக்க வேண்டியதில்லை. அவர்களுக்குப் படகும் பயிற்றுநரும்தான் வேண்டும்.

விளையாட்டுத்துறை அமைச்சும் மாகாணக் கல்வித் திணைக்களங்களும் இதில் செய்யக்கூடியது சிறியதல்ல. கழகங்களிலுள்ள பழைய படகுகள் சிலவற்றைப் பாடசாலைகளுக்கு இடையில் பகிரும் திட்டம், தமிழிலும் சிங்களத்திலும் பயிற்சிக் கைநூல், நீச்சல் சோதனையோடு தொடங்கும் ஓர் அறிமுகப் பருவம் ஆகிய மூன்றுக்கும் பெரிய அரங்கம் தேவையில்லை. அதுவரை பார்வையாளராக இருப்பவர்கள் நல்ல பார்வையாளராக இருக்கலாம். அடுத்த போட்டி நாளில் வாவிக்கரைக்குப் போகிறவர்கள் முதல் பந்தயத்தில் யார் முந்துகிறார்கள் என்பதை விட்டுவிட்டு, கடைசியாக வரும் படகின் அணியத்தை மட்டும் கவனியுங்கள். பிறகு அதே கண்ணோடு முதலாவதாக வரும் படகைப் பாருங்கள்.